ஸீட்டு முதல் சம்பளம் வரை... கதையும் கணக்கும்!

மே மாதம் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் இரண்டு சமாச்சாரங்கள் மூலைக்கு மூலை பழுக்க ஆரம்பித்துவிடும். ஒன்று, மாம்பழம். இன்னொன்று, காலேஜ் அட்மிஷன் கதைகள். மாம்பழத்தைக் கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைத்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து கூடையோடு அள்ளிக்கொண்டு போவார்கள். கதையைப் பழுக்கவைக்கிறவர்களை யாரும் அள்ளுவதில்லை. அதனால் அது ஜோராகப் பழுத்து, நம் வீட்டு வாசல் வரைக்கும் வந்து விழுகிறது.

"உங்க தம்பி ப்ளஸ் டூவா? கட் ஆஃப் எவ்வளவு? நூத்தி எழுபதா? அடடா... கவுன்சலிங்கெல்லாம் வேஸ்ட் சார். இப்பவே மேனேஜ்மென்ட்ல ஒரு ஸீட்டைப் பிடிச்சுப் போட்டுடுங்க!"

இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் உங்கள் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரராக இருப்பார். அவருடைய மச்சானுக்குத் தெரிந்த ஒருத்தர், காலேஜ்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவராக இருப்பார். மிச்சத்தை நீங்களே பூர்த்தி செய்துகொள்ளலாம்.

"நான்தான் படிச்சு முடிச்சு, வேலைக்கும் போயாச்சே... எனக்கு எதுக்கு இது?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற அண்ணன் யாரோ, அவரிடம்தான் அப்பா யோசனை கேட்கப் போகிறார். பேங்க்கில் கல்விக் கடன் என்றால் 'பே ஸ்லிப்' கேட்பதும் அவரிடம்தான். ஆகவே, இது உங்கள் பாக்கெட் சம்பந்தப்பட்ட விஷயம்.

அடியேன் ஒரு பி.காம். 2007-ல் ப்ளஸ் டூ முடித்தேன். மாநில அரசு நடத்திவந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு ஒழிந்து, ப்ளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்து இன்ஜினீயரிங் அட்மிஷன் நடந்த முதல் வருஷம் அது. தெருவே கிண்டியை நோக்கி ஓடியது. நான் மட்டும் காமர்ஸ் பக்கம் நடந்தேன். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில், "மார்க்கு ரொம்பக் கம்மியோ?" என்றார்கள். காமர்ஸ் குரூப் படித்தவனுக்கு பி.இ. கவுன்சலிங்கே கிடையாது என்பதை அவர்களுக்கு விளக்குவதற்குள் எனக்கு டிகிரியே முடிந்துவிட்டது!

போகட்டும். டெபிட், கிரெடிட் பார்த்துப் பழகிய கண்ணால் இந்த அட்மிஷன் கதைகளைக் கொஞ்சம் ஆடிட் செய்து பார்ப்போமா?

கதை 1: "எல்லாம் உள்ளுக்குள்ள முடிச்சுடுவாங்க!"

இன்ஜினீயரிங் கவுன்சலிங் என்றாலே ஏதோ திரைமறைவு வேலை என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் அது ரேஷன் கடை க்யூ மாதிரி எளிமையானது. (ரேஷன் கடை க்யூவே எளிமையா என்று கேட்காதீர்கள்.)

கணக்கு மார்க் முழுசாக 100. இயற்பியலில் பாதி, 50. வேதியியலில் பாதி, 50. ஆக மொத்தம் 200. இதுதான் கட் ஆஃப். கணக்கில் 84, இயற்பியலில் 78, வேதியியலில் 82 என்றால், 84 + 39 + 41 = 164. அவ்வளவுதான் சூத்திரம். ஒரே கட் ஆஃபில் இரண்டு பேர் வந்துவிட்டால், முதலில் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள். அப்புறம் இயற்பியல். அதற்கும் மேலே போய், யார் வயதில் மூத்தவர் என்பது வரைக்கும் பார்க்கிறார்கள். எல்லாமே சமம் என்றால்தான் ரேண்டம் நம்பர். குலுக்கல் சீட்டு மாதிரி பயமுறுத்துகிற அந்த நம்பரின் வேலை, கடைசியிலும் கடைசியில்தான்!

1997-ல் ஒற்றைச் சாளர முறை வந்தது. 2017 வரை, பையனும் பெட்டியும் அப்பாவும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலுமாக பஸ் பிடித்து அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்து, திரையில் காலியிடத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். 2018 முதல் எல்லாம் ஆன்லைன். ரேங்க் பட்டியலும், போன வருஷம் எந்தக் காலேஜில் எந்தப் பிரிவு எந்தக் கட் ஆஃபில் முடிந்தது என்ற கணக்கும் வெளிப்படையாகவே கிடைக்கின்றன. வகுப்புவாரியாகவும் கிடைக்கின்றன. நமக்குத்தான் அதைப் பார்க்கப் பொறுமை கிடையாது. பக்கத்து மேஜைக்காரரைக் கேட்பது சுலபம்!

கதை 2: "பெரிய காலேஜை மேல போட்டா, சின்னதும் போயிடும்!"

விருப்பப் பட்டியல் நிரப்புகிறபோது வருகிற பயம் இது. "நம்ம மார்க்குக்கு அதெல்லாம் கிடைக்காதுப்பா. அதை முதல்ல போட்டு வேஸ்ட் பண்ணிடாதே" என்று ஒரு பெரியவர் சொல்வார். பையனும் கை நடுங்க, பிடித்த காலேஜைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவான்.

கம்ப்யூட்டர் செய்வது இவ்வளவுதான்: உங்கள் ரேங்க் வருகிறபோது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா? இருந்தால் அது. இல்லையா? இரண்டாவது. அதுவும் இல்லையா? மூன்றாவது. கிடைக்காத காலேஜை மேலே போட்டதற்காக அது கோபித்துக்கொண்டு கீழே இருப்பதைப் பறிக்காது. ஹோட்டலில் "நெய் ரோஸ்ட் இருக்கா? இல்லேன்னா சாதா தோசை, அதுவும் இல்லேன்னா இட்லி" என்று சொல்கிற மாதிரிதான். நெய் ரோஸ்ட் கேட்டீர்கள் என்பதற்காக எந்த சர்வரும் இட்லி தர மாட்டேன் என்று சொல்வதில்லை.

ஆகவே, உண்மையான ஆசையின் வரிசைப்படி எழுதுங்கள். நீளமாகவும் எழுதுங்கள். பத்தே பத்து காலேஜ் எழுதிவிட்டு, பத்தும் கைநழுவி நிற்பதுதான் நிஜமான ஆபத்து.

கதை 3: "இப்ப பிடிக்கலேன்னா ஸீட்டே இருக்காது!"

சிரிக்க முடியாத கதை இது.

எங்கள் தெருமுனையில் அயர்ன் வண்டிக்காரர் ஒருவர். அவருடைய பெண் அரசுப் பள்ளியில் படித்தவள். 2024 மே மாதம் ரிசல்ட் வந்தது. மேலே உதாரணத்துக்குப் போட்டேனே ஒரு 164... அது அவளுடைய கட் ஆஃப்தான். வீட்டில் டிகிரி வாசலை மிதிக்கப் போகிற முதல் ஆள்.

ஒரு சனிக்கிழமை சட்டையைக் கொடுக்கப் போனேன். மனுஷர் பெட்டியில் கரி போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், ஒரு சந்தேகம். புரோக்கர் ஒருத்தரு வந்து பேசிட்டுப் போனாரு. ரெண்டு லட்சம் கட்டினா இன்ஜினீயரிங் ஸீட்டு உறுதியாம். திங்கக்கிழமைக்குள்ள கட்டலேன்னா போயிடுமாம்."

"பணத்துக்கு என்னண்ணே பண்ணப் போறீங்க?"

"சம்சாரத்துச் செயின் இருக்கு சார். அடகு வெச்சுப் பாதி. மீதி வட்டிக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

"ரசீது கொடுப்பாரா?"

"அதெல்லாம் கிடையாதுன்னு முதல்லயே சொல்லிட்டாரு சார். நாணயமான ஆளு!"

ஒரு சட்டை தேய்க்க அவர் வாங்குவது பத்து ரூபாய். இரண்டு லட்சம் என்றால் இருபதாயிரம் உருப்படி. அதுவும் கரிக்காசு கழிக்காமல்! நின்ற இடத்திலேயே மனசுக்குள் பெருக்கிப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வண்டிப் பலகை மேலேயே காகிதத்தை விரித்து அவருக்குச் சொன்னது இதுதான்:

தமிழ்நாட்டில் சிறுபான்மை அல்லாத தனியார் இன்ஜினீயரிங் காலேஜ்கள் நூற்றுக்கு 65 இடங்களை அரசுக் கவுன்சலிங்குக்குக் கொடுக்க வேண்டும். சிறுபான்மைக் காலேஜ்கள் 50. கவுன்சலிங் முடிந்த பிறகும் ஒவ்வொரு வருஷமும் பல்லாயிரம் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. 'ஸீட்டே இருக்காது' என்பது ஒரு சில காலேஜ்களின் ஒரு சில பிரிவுகளுக்குத்தான் பொருந்தும்.

இரண்டாவது, 2021 முதல் இன்ஜினீயரிங்கில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகிதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், போக்குவரத்துக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்றுக்கொள்ளும் என்று அந்த வருஷமே அறிவித்தார்கள்.

மூன்றாவது, அதில் இடம் கிடைக்காமல் பொதுக் கவுன்சலிங்கில் சேர்ந்தாலும், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-லிருந்து இருக்கிறது. முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையத்திலேயே விண்ணப்பித்து வாங்கலாம்.

முக்கியமான விஷயம்: மேனேஜ்மென்ட் கோட்டாவில் போய் உட்கார்ந்தால் இந்த இரண்டு சலுகையும் கிடையாது. அதாவது, புரோக்கர் அவரிடம் விற்க வந்தது ஒரு ஸீட்டை. பிடுங்கிக்கொண்டு போக இருந்தது, அந்தப் பெண்ணுக்கு அரசாங்கம் கொடுத்த உரிமையை. அதற்குத்தான் இரண்டு லட்சம் விலை!

மனுஷர் ரொம்ப நேரம் பேசவில்லை. பெட்டியை எடுத்தார், வைத்தார். "அப்ப செயினை வெக்க வேணாம்ங்கறீங்க..." என்றார்.

"வெக்கவே வேணாம்ண்ணே."

திங்கட்கிழமை அவர் புரோக்கரிடம் போகவில்லை. பெண்ணைக் கூட்டிக்கொண்டு கவுன்சலிங் உதவி மையத்துக்குப் போனார். (ஒவ்வொரு மாவட்டத்திலும் அப்படி மையம் உண்டு. விண்ணப்பம் போட, சான்றிதழ் சரிபார்க்க உதவுவார்கள்.) அந்த வருஷக் கவுன்சலிங்கிலேயே 7.5 சதவிகிதத்தில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் இடம் கிடைத்தது. செயின் சம்சாரத்தின் கழுத்திலேயே இருந்தது. எனக்கு ஒரு வாரம் இலவச இஸ்திரி. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை!

இன்னொன்று. நன்கொடை என்ற பெயரில் காலேஜ்கள் பணம் வசூலிப்பதைத் தடைசெய்து 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதனால்தான் அந்த 'நாணயமான' புரோக்கர்கள் ரசீது கொடுப்பதில்லை.

கதை 4: "கட்டினது கட்டினதுதான், சர்டிஃபிகேட் எங்க கையில!"

ஒரு காலேஜில் பணம் கட்டியாகிவிட்டது. அப்புறம் நல்ல இடம் கிடைக்கிறது. பழைய இடத்தில் போய் நின்றால் ஜன்னல் வழியாக ஒரு குரல்: "நாலு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு டி.சி.யை வாங்கிக்கோங்க!"

இதற்கு நடுங்க வேண்டியதில்லை. யு.ஜி.சி. 2018 அக்டோபரில் வெளியிட்ட விதிப்படி, சான்றிதழ்களின் ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. கட்டணத்துக்கும் அளவு சொன்னார்கள். சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளைக்கு முன்னால் விலகினால் முழுப் பணம் (சிறு தொகை நடைமுறைச் செலவுக்குக் கழிப்பார்கள்). கடைசிப் பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவிகிதம். தேதி தாண்டி முதல் பதினைந்து நாளில் 80. அடுத்த பதினைந்து நாளில் 50. ஒரு மாசம் தாண்டிவிட்டால், கோவிந்தா!

இந்த விதியைக் காகிதத்தில் எடுத்துப்போய் மேஜை மேல் வைத்தால், பாதி ஜன்னல்களின் குரல் கொஞ்சம் இறங்கும். மீதிப் பாதிக்கு எழுத்துமூலம் ஒரு புகார் தேவைப்படும்.

கதை 5: "நூறு சதவிகிதம் பிளேஸ்மென்ட்!"

பஸ்ஸின் பின்பக்கம், ஃப்ளெக்ஸ் போர்டு, பேப்பரின் முதல் பக்கம்... எங்கே திரும்பினாலும் கோட்டு போட்ட பையன்கள் கட்டை விரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கீழே கொட்டை எழுத்தில் '100% பிளேஸ்மென்ட்'. ஒரு கற்பனை வகுப்பை எடுத்து, இந்த நூறு எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

வகுப்பில் 120 பேர். அதில் 45 பேருக்கு அரியர். கம்பெனிகள் அரியர் இருந்தால் உள்ளே விடுவதில்லை. மிச்சம் 75. பத்தாவது, ப்ளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவிகிதம் வேண்டும் என்பார்கள். அதில் 15 பேர் அவுட். மிச்சம் 60. அதிலும் பத்துப் பேர் "மேல படிக்கப் போறேன்", "அப்பா கடையைப் பார்க்கப் போறேன்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மிச்சம் 50.

வந்த ஆஃபர் மொத்தம் 50. ஆனால், கெட்டிக்காரர்கள் 12 பேர் ஆளுக்கு இரண்டு ஆஃபர் வாங்கிவிட்டார்கள். அது 24. மற்ற 26 ஆஃபர் 26 பேருக்கு. ஆக, வேலை கிடைத்தவர்கள் 38 பேர்.

நோட்டீஸில் என்ன வரும்? தகுதியுள்ளவர்கள் 50, ஆஃபர் 50. 'நூறு சதவிகிதம்!' உங்கள் தம்பி எந்தக் கணக்கில் வருவான்? 120-ல் 38. நூற்றுக்கு 32-கூட முழுசாக இல்லை. நோட்டீஸ்காரர் பொய் சொல்லவில்லை. வகுத்த எண்ணை மட்டும் மாற்றிவிட்டார். பேலன்ஸ் ஷீட்டில் இந்த மாதிரி செய்தால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். நோட்டீஸுக்கு ஆடிட்டர் கிடையாது!

'அதிகபட்ச சம்பளம் 40 லட்சம்' என்பதும் அப்படித்தான். அது ஒரே ஒரு பையனுடைய சம்பளம். நீங்கள் கேட்க வேண்டியது நடுச் சம்பளம். அதாவது, வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்கவைத்தால் நட்டநடுவில் நிற்கிறவன் வாங்குவது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற காலேஜ்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுச் சம்பளம் எவ்வளவு என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலும் வைக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் போர்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நல்ல பொழுதுபோக்கு!

கதை 6: "மாசம் முப்பதாயிரம் கைக்கு வரும்!"

கேம்பஸ் இன்டர்வியூவில் ஆஃபர் வந்துவிட்டது. 'சி.டி.சி. 3.6 லட்சம்.' அப்பா பன்னிரண்டால் வகுத்து, "முப்பதாயிரம்!" என்று தெருவுக்கே லட்டு கொடுத்துவிட்டார். முதல் சம்பளத்தன்று பையன் முகம் மட்டும் பூந்தியாக உதிர்ந்துவிட்டது. ஏன்?

சி.டி.சி. என்பது கம்பெனிக்கு ஆகும் செலவு. உங்கள் கைக்கு வரும் வரவு வேறு. உதாரணமாக ஒரு கணக்கு. அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000 என்று வையுங்கள். கம்பெனி கட்டுகிற பி.எஃப். 12 சதவிகிதம், வருஷத்துக்கு 21,600. கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது சுமார் 8,650. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 6,000. வேலையைப் பொறுத்துத் தருகிற 'வேரியபிள்' 30,000. இதெல்லாம் 3.6 லட்சத்துக்குள்தான் அடக்கம்! கழித்தால் 2,93,750. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 21,600 போகும். மிச்சம் 2,72,150. பன்னிரண்டால் வகுத்தால் 22,679 சொச்சம். தொழில் வரி வேறு தனி.

பி.எஃப். உங்கள் பணம்தான், எங்கேயும் போய்விடாது. ஆனால், சென்னையில் ஹாஸ்டல் வாடகையைப் பி.எஃப். பாஸ்புக்கைக் காட்டிக் கட்ட முடியாதே! ஆகவே, ஆஃபரைக் கையில் வாங்கியதும் கேட்க வேண்டிய கேள்வி: "மாசம் கைக்கு எவ்வளவு வரும்?" இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஹெச்.ஆர். அம்மையாரும் சேருகிற அன்றைக்கு இதைத்தான் கேட்டிருப்பார்.

கல்விக் கடன் வாங்கியிருந்தால் இந்தக் கணக்கு இன்னும் அவசியம். நாலு லட்சம் வரைக்கும் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால், படிக்கிற காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். படிப்பு முடிந்து சுமார் ஒரு வருஷத்தில் தவணை ஆரம்பிக்கும். 22,000 வாங்குகிற பையனுக்கு 9,000 தவணை என்றால், சாப்பாடு அண்ணன் வீட்டில்தான்!

கதை 7: "கேம்பஸ்ல கிடைக்கலேன்னா வாழ்க்கையே போச்சு!"

2010. நான் படித்த ஆர்ட்ஸ் காலேஜுக்கும் ஒரு கம்பெனி வந்தது. ராத்திரி ஷிஃப்ட், போன் பேசுகிற வேலை. செமினார் ஹாலில் 140 பேர், ஒரே ஒரு ஃபேன். எல்லோர் கழுத்திலும் அண்ணனிடம் இரவல் வாங்கிய டை. என் முறை வந்தபோது, "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றார்கள். எனக்கு முன்னால் போனவனும் நானும் ஒரே கைடைப் படித்திருந்ததால், இருவருடைய சுயசரிதையும் ஒன்றாக இருந்தது. அவனுக்கு லட்சியம் என்னவோ, அதேதான் எனக்கும்!

எடுத்தது 11 பேரை. நான் அந்த 11-ல் இல்லை. மறுநாள் காலேஜே இழவு வீடு மாதிரி இருந்தது. அந்த 129 பேரில் எனக்குத் தெரிந்தவர்களை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். ஒருத்தன் பேங்க்கில் ஆபீஸர். ஒருத்தன் ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்து, என்னைவிட நாலு மடங்கு சம்பாதிக்கிறான். ஒருத்தன் துபாயில் அக்கவுன்டன்ட். ஒருத்தன் மெஸ் வைத்திருக்கிறான், அவன்தான் எல்லோரையும்விட சந்தோஷமாக இருக்கிறான். கேம்பஸ் என்பது வேலைக்குப் போகிற வாசல்களில் ஒன்று. ஏ.சி. போட்ட வாசல் என்பதால் கூட்டம் அதிகம், அவ்வளவுதான்.

மற்ற வாசல்கள் என்ன?

வங்கி ஆபீஸர் தேர்வை 2011-லிருந்து ஐ.பி.பி.எஸ். பொதுவாக நடத்துகிறது. எந்த டிகிரியும் போதும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். மத்திய அரசு வேலைக்கு எஸ்.எஸ்.சி. நடத்துகிற பட்டதாரித் தேர்வு இருக்கிறது.

பி.இ., டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஓராண்டு அப்ரென்டிஸ் பயிற்சி உண்டு. 1961-ம் வருஷச் சட்டப்படி, மாதம் உதவித்தொகையோடு. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. நம் ஆட்களில் பலர் அந்த வழியாக பஸ்ஸில் போய்க்கொண்டே, "எங்கேயும் வேலை இல்லே மச்சி" என்று பேசிக்கொள்கிறார்கள்!

காமர்ஸ் தம்பிகளுக்கு சி.ஏ. இருக்கிறது. 2023-ல் வந்த புதிய முறையில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. தேர்வில் தேறாவிட்டாலும், ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருஷம் இருந்தவனை வெளியே யாரும் சும்மா விடுவதில்லை.

கேம்பஸில் கிடைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஃபர் லெட்டர் வேறு, வேலையில் சேரும் தேதி வேறு. 2022-ல் ஐ.டி. கம்பெனிகளில் ஆஃபர் வாங்கிய பையன்கள் பல பேர், ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட அழைப்புக்குக் காத்துக் கிடந்தார்கள். லெட்டரை ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடாமல், கையில் இன்னொரு வேலையையோ படிப்பையோ வைத்துக்கொள்ளுங்கள். சேருவதற்கு 'டெபாசிட்' கேட்கிற கம்பெனி என்றால், லெட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள். சம்பளம் கொடுக்கிறவன்தான் முதலாளி. உங்களிடம் சம்பளம் கேட்கிறவன் எப்படி முதலாளி ஆவான்?

கதை 8: "அமெரிக்கா போனா பார்ட் டைம் பார்த்தே ஃபீஸ் கட்டிடலாம்!"

வேலைக்குப் போய் இரண்டு வருஷத்தில் "எம்.எஸ். பண்ணப் போறேன்" என்று கிளம்புகிற ஆபீஸ் நண்பர்களுக்கு இது. மாணவர் விசாவில் போகிறவர், வகுப்பு நடக்கிற காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதுவும் காலேஜ் வளாகத்துக்குள். நூலகம், சாப்பாட்டுக் கூடம், பேப்பர் திருத்துவது இப்படி. முதல் வருஷம் வெளியே வேலை கிடையாது. அனுமதி இல்லாமல் வெளியே பார்த்து மாட்டினால் விசா தகுதியே போய்விடும்.

2009-லிருந்து அந்த நாட்டு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். பல மாநிலங்களில் இதைவிட அதிகம் தருகிறார்கள். குறைந்தபட்சக் கணக்குக்கு 20 மணி நேரம் என்றால் வாரம் 145 டாலர். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் உதவும். ஃபீஸ் கட்ட உதவாது. முதல் வருஷச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் விசாவே தருகிறார்கள் என்பதிலிருந்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

அந்த வளாக வேலையும் தானாக வந்து விழாது. போய் இறங்கிய வாரமே துறை ஆபீஸ், நூலகம், கேன்டீன் என்று நேரில் போய்க் கேட்கிறவனுக்குத்தான் கிடைக்கும். ஒரு பக்கப் பயோடேட்டா, வாரத்தில் எந்தெந்த நேரம் காலி என்ற ஒரு சீட்டு, இரண்டும் பையில் இருக்கட்டும்.

அண்ணன்மார்களுக்கு அவசரப் பட்டியல்

காலேஜ் வாசலில் நிற்கிறபோது கேட்க வேண்டியவை, கத்தரித்து பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. தம்பி சேருகிற பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா? (நாக் கிரேடு மொத்தக் காலேஜுக்கு. என்.பி.ஏ. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி.)

2. கடைசியாக வந்த பல்கலைக்கழகத் தேர்வில் எத்தனை பேர் பாஸ்?

3. போன வருஷம் முடித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், நடுச் சம்பளம் எவ்வளவு?

4. நாலு வருஷத்துக்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? ஹாஸ்டல், பஸ், 'டிரெய்னிங் ஃபீஸ்' உள்பட?

5. விலகினால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில்?

6. கடைசி வருஷத்துப் பையன் ஒருத்தனைத் தனியாகப் பேசவிடுவார்களா? (விட மாட்டார்கள். டீக்கடையில் பிடியுங்கள்.)

பிரிவைத் தேர்ந்தெடுப்பது பற்றி மட்டும் யாரிடமும் ஜோசியம் கேட்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் "மெக்கானிக்கல்தான் வேணும்" என்று அலைமோதினார்கள். இப்போது ஏ.ஐ. என்கிறார்கள். இன்றைக்குச் சேருகிறவன் வெளியே வர நாலு வருஷம் ஆகும். அப்போது என்ன ஓடும் என்பது ஆள் பிடிக்கிறவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஐ.டி. கம்பெனிகள் பெரும்பாலும் எல்லாப் பிரிவிலும் ஆள் எடுக்கின்றன. ஆகவே, பையனுக்கு எதில் உட்கார்ந்து படிக்க முடியுமோ, அதில் சேருங்கள்.

இவ்வளவும் ஞாபகம் இல்லாவிட்டால் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "ஸீட்டு உறுதி", "வேலை உறுதி", "பணம் திரும்பி வரும்" என்று யார் சொன்னாலும், சிரித்த முகத்தோடு சொல்லுங்கள்:

"ரொம்ப சந்தோஷம் சார். அதை எழுத்துல குடுத்துடுங்க!"

அவர் பேனாவை எடுத்தால் உட்கார்ந்து பேசுங்கள். போனை எடுத்துக்கொண்டு "சிக்னல் இல்லே" என்று வாசலுக்குப் போனால், நீங்களும் எழுந்து வந்துவிடுங்கள்.